சுங்கை சிப்புட் பட்டறையில் அப்பாவின் மோரிஸ் மைனர்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் லிந்தாங் சாலையில், செம்பனைத் தோட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நம் ஆள்தான் நடத்துகிறார். அந்தப் பக்கம் பொமன் (மெக்கானிக்) எங்கே என்று கேட்டாலே போதும், வழி காட்டிவிடுவார்கள். போன மாதம் அப்பாவின் மோரிஸ் மைனரை அங்கே கொண்டுபோனேன். பழைய காடி (கார்) வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காடி 1964ஆம் ஆண்டுடையது, 1098 சிசி. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தார். ராத்திரியில் பிரசவம், பாம்புக்கடி என்று எத்தனையோ பேரை இதில்தான் கோலகங்சாருக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். விற்க மனம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஊரில் எஞ்சினைப் பிரித்துக் கட்டினோம். பணம்தான் போனது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் மேட்டைக் கண்டால் இழுக்காது, ஈப்போ போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் கொதிக்கும். கட்டியவர்களிடம் மூன்று தடவை திரும்பப் போனேன். மூன்று தடவையும், பொறி எந்த நேரத்தில் அடிக்கிறது என்று காட்டும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்து, எஞ்சின் முன்னால் சுற்றும் சக்கரத்தில் வெட்டிய குறி சரியாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

லிந்தாங் சாலைப் பொமன் முதல் ஒரு மணி நேரம் ஸ்பேனரையே தொடவில்லை. டார்ச், கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் நனைத்த துணி, இவ்வளவுதான். எஞ்சினில் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படித்தார். டைனமோவுக்கு மேலே இருந்த தகட்டில் 10எம்ஏ என்று தொடங்கியது. அது மைனரின் 1098 எஞ்சின்தான். சிலிண்டர் ஹெட்டில் 12ஜி202, அதுவும் பொருத்தம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் லூக்காஸ் 25டி4. "இது வரைக்கும் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, டீச்சர்" என்றார். அப்புறம் அட்டையை விரித்துப் படுத்து, கிரேங்க் புல்லியை, அதாவது அந்தக் குறி வெட்டிய சக்கரத்தைப் பார்த்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

இந்த எஞ்சின் குடும்பம் 1951இல் ஆஸ்டின் ஏ30இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் கடைசி மினி வரைக்கும் ஓடியது. ஒன்றின் சாமான் இன்னொன்றில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிடுவதால் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். என் காடியில் போட்டிருந்த புல்லி மைனருடையது அல்ல என்று அவருக்குச் சந்தேகம். அதில் வெட்டியிருந்த குறியை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்து ஓர் ஆயுதம் செய்து வைத்திருக்கிறார். நாலு பிளக்கையும் கழற்றி, முதல் சிலிண்டரில் அதை முறுக்கினார். ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்ற, பிஸ்டன் மேலே வந்து போல்ட்டில் முட்டி நின்றது. எஞ்சின் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நீண்ட முள்ளுக்கு நேராகப் புல்லியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. ஹேண்டில் பின்பக்கம் சுற்றாது. அதனால் நாலாவது கியரில் போட்டு, நானும் அவர் பையனும் காடியைப் பின்னால் தள்ளினோம். மறுபடி முட்டியது. இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான இடம். புல்லியில் வெட்டியிருந்த குறி அதிலிருந்து பத்து டிகிரி தள்ளி இருந்தது.

மூன்று டிகிரி முன்னால் அடிக்க வேண்டிய பொறி, பிஸ்டன் உச்சி தாண்டி ஏழு டிகிரி இறங்கிய பிறகு அடித்திருக்கிறது. இரண்டு வருடமாக நான் ரேடியேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. வால்வு இடைவெளி 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு), டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட்டின் இடைவெளி 15 தௌ. டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் வெக்கூம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே தட்டு சட்டென்று நகர்ந்தது, நல்லது. பாயிண்ட் ஒயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே சின்ன பல்பைக் கட்டி, டிஸ்ட்ரிப்யூட்டரை நூலளவு திருப்ப, பல்பு எரிந்த இடத்தில் இறுக்கினார். புல்லியில் சரியான இடத்தில் புது வெட்டை அரத்தால் போட்டு வெள்ளைப் பெயின்ட்டும் தடவிக் கொடுத்தார்.

கடைசியாக, ரோன்97 பெட்ரோல் ஊற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில் லேசாக எஞ்சின் தட்டியது. ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகைக் காட்டினார். பொறி அடிக்கும் நேரத்தை அது மாற்றும்; பதினொரு கிளிக் ஒரு டிகிரி, ஆர் பக்கம் திருப்பினால் பொறி தாமதமாகும். "ஆர் எழுத்துப் பக்கமா நீங்களே திருப்புங்க டீச்சர், கையில தெரியும்" என்றார். பதினொன்று எண்ணித் திருப்பினேன். தட்டல் நின்றுவிட்டது. அன்றைக்கு ஈப்போ போய் வந்தேன், எஞ்சின் சூடு காட்டும் ஊசி நடுவைத் தாண்டவில்லை.

கூலி 280 வெள்ளி. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலைக்கு இது குறைவு என்பேன். எந்தச் சாமான் எந்தக் காடியுடையது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். குறை என்று சொன்னால், போன் எடுக்கமாட்டார், உட்கார நாற்காலி கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு காடிதான் தொடுவார். கார்புரேட்டர் வேலை எடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

போவதென்றால் முந்தின நாள் சாயங்காலமே காடியை விட்டுவிட்டு வாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருந்தால்தான் வால்வில் கை வைப்பார்.