கணினி நேர வலயத் தரவு: சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் ஜாதகத்துக்கு நம்பலாமா?

ஜாதக மென்பொருளின் நேர வலயப் பட்டியலில் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைத் தேடினால் கிடைக்காது. ஈப்போவும் இல்லை. ‘ஏசியா/கோலாலம்பூர்’தான் இருக்கும், அதையே தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டும் லினக்ஸும் நம்பியிருக்கும் ஐயானா (IANA) என்ற இணைய அமைப்பின் நேர வலயத் தரவு இது. இலவசம்.

1970 முதல் கடிகாரங்கள் ஒத்து ஓடிய பகுதிக்கு ஒரு வலயம். அதில் மக்கள் அதிகம் வாழும் ஊரின் பெயரை அதற்கு வைப்பார்கள். தலைநகராக இருக்க வேண்டியதில்லை. எல்லையும் ஆட்சியும் மாறலாம் என்பதால் நாட்டின் பெயரைத் தவிர்க்கிறார்கள். சென்னையில் இருப்பவருக்கும் ‘ஏசியா/கொல்கத்தா’தான். சிங்கப்பூரும் நம் மலேசியத் தீபகற்பமும் ஒத்து ஓடியதால், கோலாலம்பூர் இப்போது சிங்கப்பூர் வலயத்தின் மாற்றுப்பெயர் மட்டுமே. கிழக்கு மலேசியாவின் கூச்சிங் தனியாக நிற்கிறது: 1981 முடியும்வரை உலகப் பொது நேரத்தைவிட அங்கே 8 மணி முன்னே (+8), இங்கே ஏழரை மணி முன்னே (+7:30).

இந்த அரை மணியில்தான் ஜாதகங்கள் கெடுகின்றன. 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்குத் தீபகற்பத்தில் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள். ஐயானா தரவு இதைச் சரியாக வைத்திருக்கிறது. விண்டோஸின் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ வலயத்தில் பழைய வரலாறு கிடையாது. எல்லா ஆண்டுக்கும் +8தான். அதை நம்பும் மென்பொருளில் லக்னம் சராசரியாக ஏழரை பாகை பிசகும். ராசிச் சந்தியில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 1975 ஜூன் 1, காலை 10:00 என்று கொடுங்கள். உலகப் பொது நேரம் 2:30 என்று வந்தால் நல்ல மென்பொருள். 2:00 வந்தால் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் +7:30 என்று கையால் மாற்றுங்கள்.

வலயத்துக்கான ஊர், கடிகார விதிக்கு மட்டுமே. அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பிறந்த ஊரையே கொடுக்க வேண்டும். சில மென்பொருள்கள் இரண்டையும் கோலாலம்பூரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சுங்கை சிப்புட் அதற்கு மேற்கே இருப்பதால் உள்ளூர் நேரம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்தும். பழைய பிறப்புப் பத்திரத்தில் நிமிடம் துல்லியமாக இருப்பது அரிது. ஆனாலும் நவாம்சம் பார்ப்பவர்கள் இதை விடக்கூடாது.

உண்மையான குறை 1970க்கு முந்திய காலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக்குத் தரவுத்தளமே உறுதி தருவதில்லை. ஜப்பானிய ஆட்சியின் +9 நேரம் 1942 பிப்ரவரி 16இல் தொடங்குவதாகப் பதிவு. அது சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள். சுங்கை சிப்புட் இருக்கும் பேராக்கின் வடபகுதியோ 1941 டிசம்பர் கடைசியிலேயே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. இடைப்பட்ட வாரங்களில் இங்குள்ள தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு +7:30, +9 இரண்டுக்கும் கணித்து, நடந்து முடிந்த தசாபுத்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.