ஆறு ராத்திரி, 39,060 ரூபாய்: டிராவல் போர்ட்டலில் ரூம் போடுபவர்கள் கவனத்துக்கு

குடியிருக்கும் ஊரிலேயே ஆறு ராத்திரி ஓட்டலில் படுத்துத் தூங்கி 39,060 ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன். ஓட்டல் மெம்பர்ஷிப்பில் ராத்திரி எண்ணிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எந்த ஓட்டல் செயின் என்று மட்டும் கேட்காதீர்கள், பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

எனக்கு சிஎன்சி மெஷின் நிறுவுகிற வேலை. மாதத்தில் பாதி நாள் புனே பக்கம் சாகனில்தான். இந்த ஸ்டேட்டஸ் விவகாரம் தெரியாதவர்களுக்கு: ஒரே ஓட்டல் செயினில் நிறைய ராத்திரி தங்கினால் கிடைக்கிற, சலுகைகளோடு கூடிய மெம்பர் அந்தஸ்துதான் ஸ்டேட்டஸ். மேரியட்டில் பிளாட்டினத்துக்கு வருஷத்துக்கு 50 ராத்திரி, ஹயாட்டில் குளோபலிஸ்ட்டுக்கு 60, ஐஎச்ஜியில் டயமண்டுக்கு 70. ஜனவரி 1-இல் ஆரம்பித்து டிசம்பர் 31-இல் கணக்கு முடியும். அதற்குப் பிறகு பொதுவாக மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். எனக்கு லவுஞ்ச், ரூம் அப்கிரேடு எல்லாம் பெரிதில்லை. காலி செய்யும் நாளில் சாயங்காலம் நாலு மணி வரை ரூம் கிடைத்தால் கிரீஸ் கையோடு ஏர்போர்ட் போகாமல் குளித்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்டேட்டஸுக்கு இன்னும் 20 ராத்திரி பாக்கி. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீஸ் டிராவல் டெஸ்க் ஒரு புது போர்ட்டலுக்கு மாறியது. "ஓட்டல் அதேதான் சார், ரேட் மட்டும் முந்நூறு ரூபா கம்மி" என்றார் டெஸ்க் தம்பி. 14 ராத்திரி தங்கினேன். ஒவ்வொரு தடவையும் ரிசப்ஷனில் மெம்பர் நம்பர் கொடுத்தேன், சிரித்த முகமாக வாங்கி டைப் செய்தார்கள். ஆப்பில் ஒன்றும் ஏறவில்லை. கேட்டபோது டியூட்டி மேனேஜர், "மிஸ்ஸிங் ஸ்டே போடுங்கள் சார், நாங்கள் சேர்த்துவிடுவோம்" என்றார். அதாவது, விட்டுப்போன ராத்திரிகளைச் சேர்க்கச் சொல்லி மனு. வாய்வார்த்தை. மெயிலில் கேட்டு வாங்கத் தோன்றவில்லை எனக்கு.

அந்த 14-ஐ நம்பி மிச்சம் ஆறுக்குக் கணக்குப் போட்டேன். டிசம்பர் கடைசியில் டூர் இல்லை. சென்னை ஓஎம்ஆரில் அதே செயினின் ஓட்டலில் சொந்தக் காசில் ரூம் போட்டேன். 6,200 ரூபாய், அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. (செப்டம்பர் 22-க்கு முன்னால் இதுவே 12 சதவீதம். குறைந்ததே என்று அப்போது சந்தோஷம் வேறு!) வீடு இருப்பது மடிப்பாக்கத்தில். "ஏங்க, நம்ம வீட்ல கட்டில் இல்லையா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரியில் என் மிஸ்ஸிங் ஸ்டே மனுவுக்குப் பதில் வந்தது. இரண்டே வரி: மூன்றாம் நபர் மூலம் போட்ட புக்கிங், தகுதியில்லாத ரேட், சேர்க்க முடியாது. ஏறியது ஓஎம்ஆர் ஆறு மட்டும். ஸ்டேட்டஸ் போச்சு.

விதி அவர்கள் பக்கம்தான், மறுக்கவில்லை. பெரிய செயின்கள் எல்லாவற்றிலும் வெளி சைட்டில் போட்ட ரூமுக்குப் பொதுவாக ராத்திரிக் கணக்கு கிடையாது. கம்பெனி நேரடியாகப் பேசி வைத்திருக்கும் கார்ப்பரேட் ரேட் வேறு, அது சாதாரணமாக ஏறும். என் கோபமெல்லாம், செக்-இன்னிலேயே அவர்கள் ஸ்கிரீனில் தெரிகிற விஷயத்தை மறைத்து 'சேர்த்துவிடுவோம்' என்று சொன்னதில்தான்.

அடையாளம் பில்லிலேயே இருந்திருக்கிறது. பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் பில்லில் ரூம் வாடகை நாள்வாரியாக, எங்கள் கம்பெனி ஜிஎஸ்டி நம்பரோடு. அக்டோபர் பில்லில் இரண்டு இட்லி, ஒரு காபி, ஒரு சட்டை சலவை, அவ்வளவுதான். வாடகை வரியே இல்லை, அது போர்ட்டல்காரன் பெயரில் தனியாகப் போயிருக்கிறது. உங்கள் பில்லும் இப்படி வந்தால் அந்த ராத்திரியை எண்ணாதீர்கள். கிளம்பும் முன்பே செயினின் ஆப்பில் புக்கிங் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அப்போதே ஓட்டலுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி சாகன். ரூமை இந்தத் தடவை செயினின் ஆப்பிலேயே நான் போட்டுவிட்டேன். முந்நூறு ரூபாய் கூட. அந்த முந்நூறுக்கு டிராவல் டெஸ்க் அப்ரூவல் இன்னும் வரவில்லை.