அலியா டைசனா: ஆளைச் சொல்லாதீக, வருஷத்தைச் சொல்லுங்க

காரைக்குடி பக்கம் எந்த ஜிம்முக்குள்ள வேணா போங்க, "பாக்ஸிங்ல முகமது அலியும் மைக் டைசனும் மோதுனா யாரு ஜெயிப்பா?"ன்னு ஒரு கேள்வியைப் போட்டுட்டு ஓரமா உக்காந்துக்கங்க, அன்னைக்கு ஒருத்தனும் டம்பெல்லைத் தொட மாட்டாய்ங்க. பொடிப்பயலுக பூராம் டைசன் கட்சி, நரை விழுந்தவுக அலி கட்சி. போன தையில பள்ளத்தூர்ல ஒரு கல்யாண வீட்டு முகப்புல இதே பேச்சு ஓடி, பந்திக்கு ஆள் வந்து கூப்ட்டும் யாரும் எந்திரிக்கல. எங்க அம்மான் ஒருத்தர், ரொம்ப வருஷம் மலேசியாவுல இருந்தவுக, 1975 ஜூலையில கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல அலியும் ஜோ பக்னரும் போட்ட சண்டைய நேர்ல பாத்தவுக, "அலியைக் கண்ணால பாத்தவன் எவனாச்சும் டைசன் பேரை எடுப்பானாடா?"ன்னு ஒரே போடா போட்டாக. எதுத்தாப்ல இருந்த தம்பி வாயே தெறக்கல, 1988ல டைசன் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 செகண்டுல சாய்ச்ச வீடியோவ எடுத்து அம்மான் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டான்.

எனக்கு இதுல ரெண்டு பக்கமும் ஒரே குறைதான் தெரியுது. அம்மான் பாத்தது 33 வயசு அலி. பக்னரை 15 ரவுண்டு வச்சு ஓட்டி பாயிண்டுல ஜெயிச்ச அலி, அதுக்கு மூணு மாசம் கழிச்சு மணிலாவுல பழைய எதிராளி ஜோ ஃப்ரேஸியர்கிட்ட உசுரு போய் உசுரு வந்த அலி. அந்தப் பழைய கால் ஓட்டம் அதுக்கு முன்னாடியே போயிருச்சு, 1967ல ராணுவத்துல சேர மாட்டேன்னதுக்கு பட்டத்தைப் பிடுங்கி மூணரை வருஷம் ரிங்குப் பக்கமே விடல, அதோட போச்சு. 1980ல மெட்ராஸுக்கு வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டப்ப அவருக்கு 38, அதே வருஷம் அக்டோபர்ல லாரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அடிச்சு உக்கார வச்சுட்டாரு. இதுல எந்த அலிய டைசனுக்கு எதுக்க நிறுத்துறீக? அதனால என்னோட ரூல் ஒண்ணுதான், பேருக்குப் பக்கத்துல வருஷத்தைப் போடு, அப்புறம் பேசு. அலின்னா 1966-67. டைசன்னா 1988 ஜூன் வரைக்கும். டோக்கியோவுல 1990ல டக்ளஸ்கிட்ட விழுந்ததைக் காட்டி டைசனை மட்டம் தட்டுறது போங்கு, அப்ப டைசனோட பயிற்சியாளர் கெவின் ரூனிய எப்பவோ வெளிய அனுப்பியாச்சு, கண்ணு வீங்குனதுக்கு வைக்க முறையான சாமான்கூட மூலையில இல்லாம ஒரு ரப்பர் கையுறைக்குள்ள ஐஸ் தண்ணிய ஊத்தி ஒத்தி எடுத்தாய்ங்க, அந்தக் கூத்த யூடியூப்ல பாக்கலாம்.

இப்ப இன்னொரு விஷயம், இதை ரெண்டு கட்சிக்காரவுகளும் ஒத்துக்க மாட்டாக. அலியோட உச்சம்னு எல்லாரும் காட்டுறது 1966 நவம்பர்ல ஹூஸ்டன்ல கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூணு ரவுண்டுல முடிச்ச சண்டை. பாக்க அழகுதான், மயில் மாதிரி இருக்கும், ஆனா அந்த வில்லியம்ஸ் 1964ல போலீஸ்காரன் சுட்டு ஒரு கிட்னி போன ஆளு. டைசனோட உச்சம்னு காட்டுறது ஸ்பிங்ஸ், அவரு லைட் ஹெவிவெயிட்டுங்கிற கீழ் எடைப் பிரிவுல இருந்து எடை ஏத்தி மேல வந்தவரு, அன்னைக்கு ரிங்குக்குள்ள வரும்போதே மூஞ்சியில ரத்தம் இல்ல. ரெண்டு வீடியோவயும் தூக்கி ஓரமா வச்சுட்டு, டைசன் 1987ல டோனி டக்கரோட போட்டதைப் பாருங்க. டக்கர் 6 அடி 5 அங்குலம், மொத ரவுண்டுலயே ஒரு இடது அப்பர்கட் (கீழருந்து மேல விடுற குத்து) விட்டாரு, டைசன் ஆடிட்டான், 12 ரவுண்டும் ஓடுச்சு. அலிக்கு ஜார்ஜ் சுவாலோ, 1966 மார்ச், எவ்ளோ அடிச்சும் அந்த ஆளு 15 ரவுண்டும் நின்னாரு. அலி ஒரே அடியில சாய்க்கிற ஆளு கிடையாதுன்னு அதுலயே தெரிஞ்சுரும்.

சரி மோதலுக்கு வருவோம். உயரத்துல அலி 6 அடி 3, டைசன் 5 அடி 10. கை நீளம் 78 அங்குலத்துக்கு 71, அதாவது ஏழு அங்குலம் வித்தியாசம். எடையில டைசன் சுமார் 99 கிலோ, அலி சுமார் 96, ஆக "டைசன் சின்ன ஆளு"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீக. டைசன் ரெண்டு கையயும் கன்னத்தோட ஒட்டி வச்சுக்கிட்டு தலைய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வழுக்கிக்கிட்டே ஜாப்புக்கு (முன் கையால நேரா நீட்டி விடுற குத்து) அடியில நுழைவான், நுழைஞ்ச உடனே வலது கையால விலாவுல ஒண்ணு, அதே கை மேல ஏறி தாடையில ஒண்ணு. அலிகிட்ட பெரிய ஓட்டை ஒண்ணு உண்டு, அடியத் தவிர்க்க குனிய மாட்டாரு, தலைய நேரா பின்னாடி இழுப்பாரு, வலது கை தாடைக்குக் கீழ தொங்கும். அந்த ஓட்டை வழியாத்தான் 1963ல ஹென்றி கூப்பர் இடது ஹூக்ல (பக்கவாட்டுல வளைச்சு விடுற குத்து) உக்கார வச்சாரு, 1971ல ஃப்ரேஸியர் 15வது ரவுண்டுல மல்லாக்கப் போட்டாரு. டைசனோட இடது ஹூக் அந்த ரெண்டு பேரு ஹூக்கை விடவும் வேகம். அப்ப டைசன் கட்சிக்கு நியாயம் இருக்கு, இருக்கத்தான் செய்யுது.

ஆனா ரிங்கு எவ்ளோ பெருசுன்னு யாரும் கேக்க மாட்டேங்குறாக. நம்ம பக்கம் மாடு பாக்குறவுகளுக்கு இது சட்டுன்னு புரியும், வடமாடுன்னா கயித்துல கட்டுன காளை, வட்டம் அம்புட்டுத்தான், ஒன்பது பேரும் அதுக்குள்ளயே நின்னு முகம் கொடுத்தாகணும், அதே காளைய சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல்ல அவுத்து விட்டா கத வேற. டைசனுக்கு வேணுங்கிறது வடமாட்டு வட்டம், 1966 அலிக்கு பொட்டல். 20 அடி ரிங்கு, இறுக்கமான தரைன்னா அந்த வயசு அலிய மூலையில மடக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல.

அதோட கட்டிப் பிடிக்கிறது. டைசன் உள்ள வந்ததும் அலி இடது கைய அவன் பிடரியில போட்டு கீழ அழுத்திருவாரு, 1974ல ஃப்ரேஸியரோட ரெண்டாவது சண்டை பூராம் இதைத்தான் செஞ்சாரு, ரெஃபரி கண்டுக்கல. போன்கிரஷர் ஸ்மித் 1987ல டைசனை 12 ரவுண்டும் கட்டிப் பிடிச்சே தள்ளுனாரு, அவருக்கு ஜெயிக்கிற எண்ணமே இல்ல, இருந்தும் டைசனுக்கு அதை அவுக்க வழி தெரியல. ஜெயிக்கிற எண்ணத்தோட ஒருத்தன் கட்டிப் பிடிச்சா? என் கணக்கு, மொத நாலு ரவுண்டு டைசன் கைதான், அலி ஒரு தடவை கீழ விழுவாரு, எந்திரிச்சுருவாரு (விழுந்த ஒவ்வொரு தடவையும் எந்திரிச்ச ஆளு), ஆறுக்கு மேல டைசன் தலை அசையுறது குறையும், பத்து பதினொண்ணுல ரெஃபரி நிறுத்துவாரு. பத்து தடவை மோத விட்டா ஏழு அலி, மூணு டைசன். 15 ரவுண்டு பழைய ரூல்னா எட்டு ரெண்டு.

"ஏ பியை அடிச்சான், பி சியை அடிச்சான், அப்ப ஏ சியை அடிப்பான்"ங்கிற கணக்கு பாக்ஸிங்ல எடுபடாதுன்னு 70கள்லயே காட்டிட்டாக. ஃப்ரேஸியர் அலிய ஜெயிச்சாரு, ஜார்ஜ் ஃபோர்மேன் ஃப்ரேஸியரை 1973ல கிங்ஸ்டன்ல ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழ போட்டாரு, அந்த ஃபோர்மேனை 1974ல கின்ஷாசாவுல அலி எட்டாவது ரவுண்டுல முடிச்சாரு. நடுவுல கென் நார்ட்டன் வேற, அலியோட தாடைய உடைச்ச ஆளு, ஃபோர்மேன்கிட்ட ரெண்டு ரவுண்டு தாங்கல.

இதை மனசுல வச்சுத்தான் நான் 1973 ஃபோர்மேனுக்கும் 1988 டைசனுக்கும் மோதல்னா ஃபோர்மேன்னு சொல்றேன், ஜிம் பயலுக அடிக்க வந்தாலும் சரி. கிங்ஸ்டன் வீடியோவ மெதுவா ஓட விட்டுப் பாருங்க, ஃப்ரேஸியர் குனிஞ்சு உள்ள வரும்போதெல்லாம் ஃபோர்மேன் ரெண்டு கையாலயும் தோளைப் பிடிச்சுத் தள்ளுவாரு, தனக்குத் தோதான தூரம் கிடைச்சதும் கீழருந்து அப்பர்கட், கடைசியா விட்ட அடியில ஃப்ரேஸியர் கால் ரெண்டும் தரைய விட்டு எழும்புச்சு. டைசன் வர்ற பாதையும் அதேதான், குனிஞ்சு நேரா உள்ள. ஃப்ரேஸியர் சூடேற ரெண்டு மூணு ரவுண்டு ஆகும், டைசன் பெல் அடிச்சதுமே பத்திக்குவான், அதுவும் ரெண்டு கையிலயும் அடி, அதனால ஃபோர்மேனும் கீழ விழலாம். ஆனா மூணாவது ரவுண்டுக்குள்ள முடிஞ்சுரும், நிக்கிறது ஃபோர்மேன்.

அலிக்கு முந்தின காலத்து சாம்பியனுக ஜோ லூயிஸ் - ராக்கி மார்சியானோ, இது நெசமாவே நடந்துச்சு, 1951ல, எட்டாவது ரவுண்டுல லூயிஸ் அவுட். ஆனா அப்ப லூயிஸுக்கு 37 வயசு, காசுக்காக திரும்பி வந்த லூயிஸ். 1938ல ஷ்மெலிங்கை 124 செகண்டுல முடிச்ச லூயிஸ் வந்தா மார்சியானோவோட 49-0 கணக்கு (49 ஜெயிப்பு, தோல்வியே இல்ல) 48-1 ஆயிரும்கிறது என் எண்ணம். வால்காட் மொத ரவுண்டுலயே மார்சியானோவ கீழ போட்டாரு, வயசான ஆர்ச்சி மூரும் போட்டாரு, ஒருத்தன் தடுமாறுனா அதுக்கப்புறம் விடாம முடிக்கிறதுல லூயிஸுக்கு மேல ஆள் கிடையாது. இப்படிக் கற்பனைச் சண்டை நாம கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீக, 1969லயே அலியயும் ஓய்வு பெத்த மார்சியானோவயும் கேமரா முன்னாடி நிறுத்தி, கம்ப்யூட்டர்தான் முடிவு சொல்லும்னு படம் எடுத்தாய்ங்க, மார்சியானோ தலையில விக்கு வச்சுக்கிட்டு வந்தாரு. 1970 ஜனவரியில அமெரிக்கா தியேட்டர்ல மார்சியானோ 13வது ரவுண்டுல ஜெயிச்சாரு, ஐரோப்பாவுல போட்ட பிரிண்டுல அலி ஜெயிச்சாரு! எந்த ஊர்ல டிக்கெட் விக்குதோ அந்த ஊருக்கு ஏத்த முடிவு. பாவம் மார்சியானோ, படம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே விமான விபத்துல போய்ட்டாரு.

டைசன் காலத்து லெனாக்ஸ் லூயிஸைப் பத்தி நிறைய பேசல, 6 அடி 5, 113 கிலோவுக்கு அந்த ஜாப், காகிதத்துல பாத்தா எல்லாரயும் அடிக்கணும், ஆனா மெக்கால், ரஹ்மான்னு ரெண்டு பேருகிட்ட ஒத்த வலது கையில படுத்தவரு. ரெண்டு பேரயும் திரும்ப அடிச்சாருங்கிறது வேற. அலிக்கு எதுக்க பாயிண்டுல தோப்பாரு, ஜோ லூயிஸை ஜெயிப்பாரு.

நான் ரொம்ப ஆசைப்படுறது 1962 சன்னி லிஸ்டன் (அலிக்கு முந்தின சாம்பியன்), 1973 ஃபோர்மேன் மோதல். இதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாக. 60களோட கடைசியில ஃபோர்மேன் லிஸ்டனுக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கொடுத்த ஆளு, அந்தப் பழைய பயம் லேசுல போகாது. லிஸ்டன் கை 84 அங்குலம், ஜாப்பே மத்தவன் ரைட் ஹேண்ட் மாதிரி விழும், ஃபோர்மேன் தோளைத் தள்ளித் தூரம் எடுக்குற வேலையெல்லாம் அந்த ஜாப்புக்கு முன்னாடி ஆகாது. லிஸ்டன், ஆறாவது ரவுண்டு.