மார்ல்பரோவில் தங்கினால் ஸ்டோன்ஹெஞ்சா, ஏவ்பரியா?

லண்டனிலிருந்து மேற்கே எம்4 சாலையைப் பிடித்து, அப்புறம் தெற்கே இறங்கினால் வில்ட்ஷயரின் மார்ல்பரோ வரும். சின்ன ஊர். ரயில் நிலையம் இருந்தது, 1960களிலேயே மூடிவிட்டார்கள். பெரிய கடைத்தெரு ஒன்றே ஒன்றுதான். ஆனால் பிரிட்டனின் மிக அகலமான தெருக்களில் அதுவும் ஒன்று. நடுவில் வரிசையாகக் கார் நிறுத்தலாம், புதனும் சனியும் அங்கேயே சந்தையும் கூடும். இந்த ஊரில் அறை எடுக்கும் நம்மவர்கள் பலர், காலைச் சாப்பாடு முடிந்ததும் யோசிக்காமல் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு வண்டியை விடுகிறார்கள். அது தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். மேற்கே வெறும் பத்து கிலோமீட்டரில் ஏவ்பரி என்ற இன்னொரு கல்வட்டம் இருக்கிறது. அதன் பெயரே பலர் காதில் விழுந்திருக்காது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பது ஒரு நாள்தான் என்றால் ஏவ்பரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அதையே சொல்ல மாட்டேன். சிலருக்கு ஸ்டோன்ஹெஞ்ச்தான் சரி. யாருக்கு எது என்பதுதான் விஷயம்.

இரண்டும் கல்வட்டங்கள். 1986இல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறக்குறைய ஒரே காலத்தவை, இரும்பு என்ற பொருளையே அறியாதவர்கள் எழுப்பியவை. அதோடு ஒற்றுமை முடிந்தது. போய் நிற்கும்போது கிடைக்கும் அனுபவத்தில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பது நல்லது. பெரியவர் ஒருவருக்கு இருபது பவுண்டைத் தாண்டும். நிர்வகிப்பது இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு. 2013இல் திறந்த பார்வையாளர் மையம் கற்களிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கி, வரிசையில் நின்று, அவர்களுடைய பேருந்தில் ஏறிப் போக வேண்டும், அல்லது புல்வெளி வழியாக நடக்கலாம். முடிந்தால் நடந்தே போங்கள். கற்கள் தூரத்தில் சின்னதாகத் தெரிந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வருவது பேருந்தில் போகிறவர்களுக்குக் கிடைக்காது.

போய்ச் சேர்ந்ததும் கயிறு. அந்தக் கயிற்றுக்கு வெளியே வட்டமாகச் சுற்றி வரலாம். பாதை ஓரிடத்தில் கற்களுக்கு நன்றாக நெருங்கும், மற்ற இடங்களில் விலகிப் போகும். உள்ளே கால் வைக்க வேண்டுமானால் அதிகாலையிலோ மாலையிலோ சிறப்பு அனுமதிக்குத் தனிப் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஜூன் மாதம், ஆண்டின் மிக நீண்ட பகலன்று, இலவசமாக உள்ளே விடும்போது பெருங்கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம். ஏ303 சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. லாரிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டத்தைப் பல ஆண்டுகள் பேசிப் பேசி, கடைசியில் 2024இல் அரசு கைவிட்டது.

இவ்வளவு குறை சொன்னாலும், அங்கே ஒரு விஷயத்தைத் தவறாமல் பார்க்கச் சொல்வேன். நடுவில் இருக்கும் கற்களிலேயே உயரமான ஒற்றைக் கல்லின் தலையைப் பாருங்கள். உச்சியில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் இருந்த குறுக்குக் கல் எப்போதோ விழுந்துவிட்டது. அந்தக் குறுக்குக் கல்லின் அடியில் குடைந்த குழிக்குள் இறங்குவதற்காகத்தான் இந்தக் குமிழை விட்டிருக்கிறார்கள். தச்சர்கள் மரத்தில் செய்யும் முளையும் துளையும்தான், கல்லில் செய்திருக்கிறார்கள். சராசரி 25 டன் எடை வரும் கற்களை, கல்லாலேயே இடித்து இடித்துச் செதுக்கி இந்த வேலையைச் செய்தார்கள். ஏவ்பரியில் இப்படி எதுவும் கிடையாது. அங்கே கற்கள் செதுக்கப்படாதவை, பூமியில் எப்படிக் கிடந்தனவோ அப்படியே தூக்கி நிறுத்தப்பட்டவை. கைவேலை பார்க்க வேண்டும் என்பவருக்கு ஸ்டோன்ஹெஞ்ச்தான், அதில் பேச்சே இல்லை.

அங்குள்ள சின்னக் கற்களின் கதையும் பெரிது. நீலக்கல் என்று சொல்லப்படுபவை வேல்ஸின் பிரெசெலி மலைகளிலிருந்து, 200 கிலோமீட்டருக்கும் மேலிருந்து வந்தவை. பலிபீடக் கல் என்று பெயர் வைத்த 6 டன் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது 700 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஆனால் அந்தக் கல் இரண்டு பெரிய கற்களுக்கு அடியில் பாதி புதைந்து கிடக்கிறது. கயிற்றுக்கு வெளியே நிற்பவருக்குச் சரியாகத் தெரியாது. பணம் கட்டியும் பார்க்க முடியாத அதிசயம்!

சரி, ஏவ்பரி. இங்கே டிக்கெட் கிடையாது. கார் நிறுத்தத்துக்கு மட்டும் காசு, நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பினருக்கு அதுவும் இல்லை. கார் இல்லாதவர்களுக்கு, சுவிண்டனிலிருந்து டிவைசஸ் போகும் பேருந்து ஊருக்குள்ளேயே நிற்கும். இறங்கினால் கல்வட்டத்துக்கு நடுவில் இறங்குகிறீர்கள், ஏனென்றால் ஊரே வட்டத்துக்குள்தான் இருக்கிறது. வீடுகள், கூரை வேய்ந்த ரெட் லயன் பப், நடுவே வளைந்து போகும் சாலை. வெளிவட்டத்தின் குறுக்களவு 330 மீட்டர். உலகிலேயே பெரிய கல்வட்டம் இதுதான் என்கிறார்கள். வெளியே சுற்றிலும் அகழி. இன்று பாதி தூர்ந்து போயும் ஆழமாகத் தெரிகிறது. வெட்டிய காலத்தில் 9 மீட்டர் ஆழம், மான் கொம்பை வைத்துத் தோண்டியது.

கற்களைத் தொடலாம், சாயலாம். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடலாம். ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆட்டுப் புழுக்கையைப் பார்த்து உட்காருங்கள். வடக்கு வாசலில் சாலையோரம் பட்டை தீட்டாத வைரம் மாதிரி ஒரு கல் முனையில் நிற்கும். 60 டன்னுக்குக் குறையாது, நிறுத்திய நாளிலிருந்து விழவே இல்லை. அதன் அருகே நின்றால் ஸ்டோன்ஹெஞ்சின் கற்கள் ஒல்லியாகத் தோன்றும்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 1649இல் வேட்டைக்கு வந்த ஜான் ஆப்ரி என்ற இளைஞர் தற்செயலாக இந்த வட்டத்தைக் கண்டார். புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்சை விட இது பெரியது, ஒரு சிற்றூர்க் கோயிலை விடப் பேராலயம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு, என்று எழுதி வைத்தார். பிறகு மன்னர் இரண்டாம் சார்லஸையே அழைத்து வந்து காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அவர் பெயர் நிலைத்திருப்பது ஸ்டோன்ஹெஞ்சில்தான். அங்கே தரையில் உள்ள 56 குழிகளுக்கு ஆப்ரி குழிகள் என்று பெயர்.

மன்னர் பார்த்தும் பயனில்லை. அடுத்த நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் கற்களை உடைத்து வீடு கட்ட ஆரம்பித்தார்கள். கல்லுக்கடியில் நெருப்பு மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றிப் பிளப்பார்கள். இன்று நிற்பவற்றில் பலவற்றை 1930களில் திரும்ப நிறுத்தியவர் அலெக்சாண்டர் கெய்லர், மார்மலேட் விற்ற குடும்பத்துப் பணக்காரர். கிடைக்காத கற்களின் இடத்தில் சிறிய கான்கிரீட் தூண்களை நட்டார். ஒரு கல்லை எடுத்தபோது அதனடியில் ஓர் எலும்புக்கூடும், கத்தரிக்கோலும், 14ஆம் நூற்றாண்டுக் காசுகளும் கிடைத்தன. அந்தக் கல்லுக்கு நாவிதர் கல் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கல் சாய்ந்து ஆளை நசுக்கிவிட்டது என்பது கதை. ஆய்வாளர்கள் இப்போது அதை அவ்வளவாக நம்புவதில்லை. நம் ஊர்க் கல்வட்டங்கள் பெரும்பாலும் ஈமச்சின்னங்கள் என்பதால் இதையும் அப்படி நினைத்துவிட வேண்டாம். ஏவ்பரி வட்டம் எதற்கு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எரித்த எலும்புகளைப் புதைக்கும் இடமாகத் தொடங்கியது ஸ்டோன்ஹெஞ்ச்தான்.

ஏவ்பரியின் குறையையும் சொல்ல வேண்டும். படத்துக்குள் அடங்காது. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் நான்கு கல், இரண்டு ஆடு, ஒரு கார் என்றுதான் விழும். ஊருக்கு அனுப்பினால் ‘இதையா பார்க்கப் போனாய்?’ என்று கேட்பார்கள். ஸ்டோன்ஹெஞ்சோ சுமாரான கைபேசியில்கூட நன்றாக விழும். அடுத்து, தரை. புல், மேடு, சேறு, வேலிக் கதவுகள், நடுவில் வேகமாக வரும் வண்டிகள். முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவையோ சக்கர நாற்காலியில் இருப்பவரையோ அழைத்துப் போவதென்றால் ஸ்டோன்ஹெஞ்சுக்கே போங்கள். பேருந்து கற்களின் அருகே இறக்கிவிடும், பாதையும் நன்றாக இருக்கும், கழிப்பறைக்கும் அலைய வேண்டாம். உள்ளே போக முடியாததெல்லாம் அவர்களுக்குப் பெரிய குறையாகப் படாது. ஒன்று மட்டும்: மேடு, திறந்த வெளி, காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

எனக்குத் தராசு ஏவ்பரி பக்கம் சாய்வதற்குக் காரணம் கற்கள் மட்டுமல்ல, நடக்கிற தூரத்தில் இருக்கும் மற்ற இரண்டும்தான். சில்பரி குன்று, 30 மீட்டர் உயரம், முழுக்க மனிதர்கள் கொட்டிய மண்ணும் சுண்ணாம்பும். கி.மு. 2400 வாக்கில் எழுப்பியது. ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய பழங்கால மண்மேடு வேறில்லை. உள்ளே புதையல் இருக்கும், ராஜா இருப்பார் என்று 1776இல் உச்சியிலிருந்து குடைந்தார்கள், 1849இல் பக்கத்திலிருந்து குடைந்தார்கள், 1968இல் தொலைக்காட்சிக் கேமராவோடு குடைந்தார்கள். ஒன்றும் இல்லை. 2000இல் பழைய துளை உள்வாங்கி உச்சியில் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். ஏற அனுமதி இல்லை, சாலையோரம் நின்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்க வயலில் ஏறுங்கள்.

அங்கே வெஸ்ட் கென்னட் நெடும்புதைமேடு. 100 மீட்டர் நீளம், கி.மு. 3650 வாக்கில் கட்டியது, ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. காவலாளி இல்லை, கதவு இல்லை, கட்டணம் இல்லை. முகப்பில் நிற்கும் பெரிய கல்லைச் சுற்றி உள்ளே நுழைந்தால் இருபுறமும் இரண்டிரண்டு அறைகள், கடைசியில் ஒன்று. முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இங்கிருந்து கிடைத்தன. பக்க அறைகளுக்குக் குனிந்துதான் போக வேண்டும், கைபேசி வெளிச்சம் உதவும். இந்த வட்டாரத்தில் ஒரே ஓர் இடம்தான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், இரண்டு கல்வட்டங்களையும் விட்டுவிட்டு.

கற்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு விடை மார்ல்பரோவின் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. ஊருக்குத் தென்மேற்கே வெஸ்ட் வுட்ஸ் என்ற காடு. மே மாதம் நீலமணிப் பூக்களுக்காக மட்டும் கூட்டம் வரும். ஸ்டோன்ஹெஞ்சில் மிஞ்சியிருக்கும் 52 பெரிய கற்களில் 50 இந்தக் காட்டிலிருந்து போனவை என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் எப்படி? 1958இல் விரிசல் விட்ட ஒரு கல்லைச் சரிசெய்யத் துளையிட்டபோது வெளிவந்த கல் உருளை ஒன்றை, வேலை செய்தவர்களில் ஒருவர் நினைவாக எடுத்துப் போயிருந்தார். அறுபது ஆண்டுகள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அதைப் பொடித்துச் சோதித்துத்தான் காட்டை அடையாளம் கண்டார்கள்.

வெட்டாமல் விட்ட கற்களைப் பார்க்க ஃபைஃபீல்ட் டவுனுக்குப் போகலாம், அதுவும் ஊருக்குப் பக்கம்தான். தூரத்திலிருந்து படுத்திருக்கும் செம்மறியாடுகள் என்றே தோன்றும், உள்ளூர்ப் பெயரும் அப்படித்தான். அந்த மேட்டு நிலத்தில் கற்கோடரிகளைத் தீட்டிய கல் ஒன்று இருக்கிறது. வரிசையாகப் பள்ளங்கள், பக்கத்தில் தேய்ந்து வழுவழுப்பான குழிவு. விரலை வைத்தால் வழுக்கும். பலகை கிடையாது, வரைபடம் இல்லாமல் தேடினால் கிடைக்காது.

நீங்கள் போகும் நாளில் கொட்டும் மழை என்றால் இரண்டு வட்டங்களும் வேண்டாம். டிவைசஸுக்குப் போங்கள். 1808இல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே புஷ் பாரோ என்ற மேட்டைத் தோண்டியபோது கிடைத்த தங்கம் அங்குள்ள வில்ட்ஷயர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, ஸ்டோன்ஹெஞ்சில் இல்லை. சாய்சதுரத் தங்கத் தகடு எல்லோர் கண்ணிலும் படும். அதைவிட்டு, குத்துவாள் பிடியில் பதித்த தங்க ஊசிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு, ஆயிரக்கணக்கில் நெருக்கிப் பதித்தவை. மழை விட்டால் அதே ஊரில், கால்வாயில் படகுகளைப் படிப்படியாக மேலேற்றும் கேன் ஹில் மதகு வரிசை இருக்கிறது. 29 மதகுகள், படகு ஒன்று ஏறி முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். கரையில் நடந்தால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.