ஒரு குட்டிக் குதிரை, ஒரு ஜெனரேட்டர், ஒரு சாபம்: 'ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்'

'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' சிட்காமில் எனக்கு மிகவும் பிடித்த எபிசோடு இதுதான். மூன்றாவது சீசனில் ஏழாவது. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2011 மார்ச் 17 அன்று வந்தது. எழுதியவர் டான் கூர், இயக்கியவர் டீன் ஹாலண்ட்.

நான் நகராட்சி அலுவலகம் ஒன்றில் பல வருடம் எழுத்தராக வேலை பார்த்தவள். அரசு ஊழியர்களைப் பற்றிய நகைச்சுவை என்றால் தூங்குகிற குமாஸ்தா, லஞ்சத்துக்குக் கைநீட்டுகிற அதிகாரி, நகராத கோப்பு, அவ்வளவுதான் என்று பழகிப்போனவள். இங்கே சிரிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள், அந்த வேலையிலிருந்தே சிரிப்பு வருகிறது.

கதை நடப்பது இண்டியானா மாநிலத்தில் பானி என்ற கற்பனை ஊரில். ஊராட்சி நிர்வாகம் கையில் காசில்லாமல் திவாலாகும் நிலைக்குப் போய்விட்டது. மாநில அரசு அனுப்பிய இரண்டு தணிக்கையாளர்கள் செலவுகளையெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூங்காத் துறையின் துணை இயக்குநர் லெஸ்லி நோப் அப்போது ஒரு யோசனை சொல்கிறார். ஊரில் நின்றுபோன அறுவடைத் திருவிழாவைத் திரும்ப நடத்துவோம், தோற்றால் துறையையே மூடிவிடுங்கள். சீசனின் முதல் எபிசோடில் வைத்த இந்தப் பந்தயத்துக்குத்தான் இங்கே விடை. ஆறு எபிசோடுகளாக அலைந்து திரிந்து ஆதரவு திரட்டியதைப் பார்த்துவிட்டு வந்தால் ராட்டினமும் கூட்டமும் கண்ணில் படும்போது நமக்கே பெருமையாக இருக்கும்.

திருவிழாவின் நட்சத்திரம் லில் செபாஸ்டியன் என்ற குட்டிக் குதிரை. ஊரே அதைப் பார்த்து உருகுகிறது. அரசாங்கம் என்ற ஒன்றே கூடாது என்று நினைக்கிற, முகத்தில் உணர்ச்சி காட்டாத துறை இயக்குநர் ரான் ஸ்வான்சன்கூடச் சின்னப் பையனாகிவிடுகிறார். நிக் ஆஃபர்மேன் அந்த மீசைக்குப் பின்னாலிருந்து சிரிப்பதற்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம். அந்த இரண்டு தணிக்கையாளர்களில் ஒருவரும் வெளியூர்க்காரருமான பென்னுக்கு (ஆடம் ஸ்காட்) மட்டும், இதில் என்ன இருக்கிறது, இது ஒரு சின்னக் குதிரைதானே என்ற குழப்பம் தீரவே இல்லை. கடைசிவரை அவருக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை. ஒரு ஊர் எதைக் கொண்டாடும் என்பதற்கு விளக்கம் கிடையாது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் குதிரை காணாமல் போவது, பூங்காத் துறை ஊழியர் டாம் கதவைச் சரியாகச் சாத்தாததால். அப்புறம் மின்சாரம் போகிறது. திருவிழாவில் நடக்கக்கூடியது இவ்வளவுதான்: ஒரு தாழ்ப்பாள், ஒரு ஜெனரேட்டர். பெரிய சதி, வில்லன் எதுவும் தேவையில்லை. பொது நிகழ்ச்சி நடத்தியவர்கள் யாராக இருந்தாலும் அந்த இருட்டில் லெஸ்லியின் முகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஏமி போலர் அதை மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார்.

எபிசோடின் உயரமான இடம் கென் ஹொடாட்டே. வாமபோக் பழங்குடியின் (இதுவும் கற்பனைதான்) தலைவர் அவர். திருவிழா நடக்கிற இடத்தில் தன் மக்கள் கொல்லப்பட்டார்கள், வேறு இடம் பாருங்கள் என்கிறார். லெஸ்லி ஊரின் வரைபடத்தைக் காட்டுகிறார். அட்டூழியம் நடந்த இடங்களுக்கு நீல நிறம். வரைபடம் கிட்டத்தட்ட முழுவதுமே நீலம். சிரித்து முடிப்பதற்குள் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. வேறு வழியில்லாமல் கென் சாபம் வரும் என்கிறார். வெள்ளைக்காரர்களுக்குச் சாபம் என்றால் நடுக்கம், அது போதும் என்று கேமராவைப் பார்த்து அமைதியாகச் சொல்கிறார். செய்தியாளர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் சாபத்தை நீக்கும் 'சடங்கு' செய்யும்போது அவர் முணுமுணுப்பதெல்லாம் வெறும் ஓசை. இத்தனை காலம் அந்த மக்களின் பேச்சுக்குக் காது கொடுக்காத கூட்டம், ஒன்றும் புரியாத அந்த முணுமுணுப்பைப் பயபக்தியோடு கேட்டு நிற்கிறது. ஜொனதன் ஜாஸ் ஒரு புருவத்தைக்கூட வீணாக உயர்த்தாமல் நடித்திருக்கிறார். 2025-ல் அவர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிதான்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. குதிரை தொலைந்த பழி சக ஊழியர் ஜெர்ரி தலையில் விழுகிறது, ஜெர்ரியைத் திட்டுவதே நகைச்சுவை என்று தொடர் நினைக்கிறது. அலுவலகத்தில் எல்லாப் பழியையும் சுமக்கிற ஒரு மனிதரோடு வேலை பார்த்தவர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. ஏப்ரல், ஆண்டி என்ற இளம் ஜோடியின் காதல் ஊடல் பரவாயில்லை ரகம்.

படப்பிடிப்பு நடந்தது லாஸ் ஏஞ்சலஸ் பியர்ஸ் கல்லூரி வளாகத்தில், உண்மையிலேயே நடந்துகொண்டிருந்த ஓர் அறுவடைத் திருவிழாவில். முடிவில் ராட்டினத்தின் உச்சியில் லெஸ்லியும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்க, கேமரா விலகி மேலே போய் மொத்தத் திருவிழாவையும் காட்டுகிறது. செட்டுப் போட்டு எடுத்திருந்தால் அந்தக் காட்சிக்கு இந்த அகலம் வந்திருக்காது.

இதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் புரியும். ஆனால் மூன்றாம் சீசனை முதலிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஐந்தாவது எபிசோடை மட்டுமாவது தவறவிடாதீர்கள். பதினெட்டு வயதில் தன் சொந்த ஊருக்கு மேயராகி, 'ஐஸ் டவுன்' என்ற பனி விளையாட்டு வளாகம் கட்டப்போய் அந்த ஊரைத் திவாலாக்கிய பென்னின் பழைய கதை அதில் விரிவாக வருகிறது. திருவிழாவின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு பயம் என்பது அப்போதுதான் பிடிபடும். முடித்த கையோடு எட்டாவது எபிசோடையும் போடுங்கள். திருவிழா வெற்றி, சரி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று எல்லாரும் லெஸ்லியைத் துளைத்தெடுப்பார்கள்.