சிஸ்டத்தில் 14, தட்டில் ஒன்றுமில்லை: இன்வென்ட்ரி அனலிஸ்ட் வேலையில் ஆறு வருடம்

சித்தி பையனுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனியின் ஹெட் ஆபீஸில் இன்வென்ட்ரி அனலிஸ்ட், அதாவது கடைகளின் சரக்குக் கணக்கைப் பார்க்கும் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. "அண்ணே, சேரட்டுமா?" என்று கேட்டான். நானும் வேறொரு கம்பெனியில் ஆறு வருடமாக இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் பரவாயில்லை. ஞாயிறு லீவு, தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் கிடையாது. கேன்டீன் டீ சுமார். இதெல்லாம் அவனே விசாரித்திருப்பான்.

நான் சொல்ல வேண்டியது அந்த 14 பற்றி.

ஒரு கடையில் ரோஜா சோப்பு 14 இருப்பதாகச் சிஸ்டம் சொல்லும். தட்டில் ஒன்றுகூட இருக்காது. 14 இருக்கிறதே என்று ஆட்டோ ஆர்டரும் விழாது. சரக்கே இல்லாததால் விற்பனை பூஜ்யம். பூஜ்யம் சேரச் சேர சராசரியும் இறங்கி, 'இந்தக் கடையில் ரோஜா ஓடாது' என்று சிஸ்டமே முடிவு கட்டிவிடும். காலை பத்தரை மணி மீட்டிங்கில் கேள்வி மட்டும் என்னிடம்: "ரோஜா ஏன் இல்லை?"

இரண்டு வருடம் இதைத் திருட்டு என்றே நினைத்திருந்தேன். ஒரு மார்ச் கடைசியில் ஸ்டாக் எண்ண கடைக்கு அனுப்பினார்கள். பில்லிங் கவுன்டர் பக்கத்தில் சும்மா நின்றேன். ஒரு அம்மா சந்தனம், ரோஜா, எலுமிச்சை என்று ஆளுக்கொரு சோப்பாக எடுத்து வைத்தார். மூன்றும் ஒரே விலை. பில் போடும் பெண் சந்தனத்தை ஸ்கேன் செய்து, 3 என்று தட்டி, மூன்றையும் பையில் போட்டுவிட்டாள். பில் சரி, காசு சரி. ஆனால் கணக்கில் சந்தனம் மூன்று குறைந்தது. ரோஜாவும் எலுமிச்சையும் வீட்டுக்குப் போன பிறகும் சிஸ்டத்தில் அப்படியே இருந்தன. அந்தக் கடையில் சந்தனம் மைனஸ் 27 காட்டிய மர்மமும் அங்கேயே அவிழ்ந்தது. இன்க்ரிமென்ட் லெட்டர் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அந்தப் பெண்ணைத் திட்ட மனசு வரவில்லை. வரிசையில் எட்டுப் பேர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய் என்று ஏசியில் உட்கார்ந்து மெயில் போடுவது சுலபம். நானும் போட்டேன். யாரும் படிக்கவில்லை.

பிறகு நானே ஒரு ரிப்போர்ட் எழுதினேன். மைனஸில் கிடக்கும் சோப்பையும், அதே விலையில் விற்காமல் நிற்கும் அதன் தம்பியையும் ஜோடி சேர்த்துக் காட்டும். பாதிக்கு மேல் சரியாகவே பிடிக்கிறது. கடைக்காரர் போய் எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவரோ உட்கார்ந்த இடத்திலேயே 'சரிபார்க்கப்பட்டது' என்று அடித்துவிடுகிறார். 2025 செப்டம்பர் 22இல் சோப்புக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமானதும் கூத்து இன்னும் கூடியது. சிஸ்டத்தில் பழைய எம்ஆர்பி சரக்கு தனிக் கணக்கு, புது எம்ஆர்பி சரக்கு தனிக் கணக்கு. இல்லாத 14 சோப்பு, இல்லாத 9, இல்லாத 5 என்று இரண்டாகப் பிரிந்தது.

எக்செல் வேறு. 890இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடை 8.9 ஈ பிளஸ் 12 என்று சுருக்கிக் காட்டும். கவனிக்காமல் சிஎஸ்வி என்ற வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக சேவ் செய்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. ஆயிரம் பொருளுக்கும் ஒரே பார்கோடு. இதற்கு இப்போது கோபம்கூட வருவதில்லை.

நியாயமாகச் சொன்னால், மூளைக்கு இவ்வளவு தீனி போடும் வேலை எனக்கு வேறு கிடைத்திருக்காது. பொங்கலுக்கு எந்தக் கடையிலும் வெல்லம் தீராமல், மிஞ்சாமல் முடிந்த வருடத்தில் கேட்டிருந்தால் ஐந்துக்கு நாலரை போட்டிருப்பேன். நேற்றும் ரோஜாவுக்குத் திட்டு வாங்கினேன். அதனால் ஒன்றரை. தம்பிக்கு "வேண்டாம்டா" என்று அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில் மூன்று சோப்பு வாங்கினோம். அது எங்கள் கம்பெனிகூட இல்லை. ஒவ்வொன்றாக நீட்டி, "தனித்தனியா ஸ்கேன் பண்ணும்மா" என்றேன். திரும்பிப் பார்த்தால் மனைவி வாசலில் நிற்கிறாள், யாரோ மாதிரி.