"ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணது"ன்னு சொல்லி விக்கற பழைய ஸ்டான்லி இழைப்புளி, வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

பழைய ஸ்டான்லி, ரெக்கார்ட் கம்பெனி இழைப்புளி ஆன்லைன்ல தேடிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இது. பளபளன்னு கருப்பு பெயின்ட் அடிச்சு, அடியெல்லாம் கண்ணாடி மாதிரி தேய்ச்சு போட்டோ போட்டிருந்தா பணம் அனுப்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. எனக்குப் போனது 8,500 ரூபாய், அதுக்கு மேல கொரியர் 350. பணம் போனது கூட ஒரு பக்கம், நூறு வருஷம் தாண்டின ஒரு சாமான்ல இருந்த உடைசலை ஒருத்தன் உக்காந்து நிதானமா மறைச்சு வித்திருக்கான், அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

எங்கப்பா கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரில பேட்டர்ன் ஷாப்ல இருந்தவர். இரும்புல எதை வார்க்கணும்னாலும் முதல்ல மரத்துல அதே உருவத்தைச் செய்யணும், அதுதான் பேட்டர்ன், அதுல அரை மில்லி கூட தப்பு வரக்கூடாது. அவர் ரிடையர் ஆகும்போது வீட்டுக்குக் கொண்டு வந்த ஒரே சாமான் ஒரு ரெக்கார்ட் நம்பர் 05, ஷெஃபீல்டுல செஞ்சது, நீல பெயின்ட் பாதி உரிஞ்சு போயிருக்கும். அதைத் துரு எடுத்து தீட்டி நானே தேக்குல ஒரு இழுப்பு இழுத்தப்ப வந்த சுருள் இருக்கே, வெங்காயத் தோல் மாதிரி, அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்தான். உக்கடத்துல பழைய இரும்புக் கடை, சென்னை போனா பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைன்னு அலைஞ்சு ஆறு வருஷத்துல ஒம்பது சேர்த்திருக்கேன். எல்லாமே துருப்பிடிச்சு வாங்கி நானே சரி பண்ணது. ரெடியா சரி பண்ணி வச்சதுன்னு நான் வாங்கின முதல் சாமான் இதுதான்.

ஏன் வாங்கினேன்னா அது டைப் 11. இது தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். லியோனார்ட் பெய்லிங்கறவர் கண்டுபிடிச்ச டிசைனோட பேட்டன்டை எல்லாம் 1869ல ஸ்டான்லி கம்பெனி வாங்குச்சு, இன்னிக்கு வரைக்கும் உலகத்துல விக்கற இரும்பு இழைப்புளில முக்கால்வாசி அந்த டிசைன்தான், பின்னாடி பித்தளைச் சக்கரத்தைத் திருப்பினா பிளேடு இறங்கும் ஏறும், லீவரைத் தள்ளினா சாய்வு சரியாகும். வருஷா வருஷம் அதுல சின்னச் சின்ன மாத்தம் பண்ணிட்டே வந்தாங்க, அதை வச்சு கலெக்டர்ஸ் டைப் 1, டைப் 2ன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. டைப் 11 தோராயமா 1910ல இருந்து 1918 வரைக்கும் வந்தது. பிளேடு சாஞ்சு உக்கார்ற ஃபிராக்குங்கற இரும்புத் துண்டுக்குப் பின்னாடி பாடிலயே மூணு பேட்டன்ட் தேதி வார்த்திருக்கும், 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. முன்குமிழ் குட்டையா இருக்கும், சக்கரமும் சின்னது. வேலைக்கும் நல்லது, பார்க்கவும் அப்படி ஒரு லட்சணம்.

அந்த ஆள் போட்ட போட்டோல அந்த மூணு தேதியும் பளிச்சுனு தெரிஞ்சுது. நம்பர் 5, 14 இன்ச், ரோஸ்வுட் கைப்பிடி, "ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணது சார், வாங்கின அன்னிக்கே வேலை செய்யலாம்"னு எழுதியிருந்தான். அடியில பிளேடு வெளிய வர்ற சந்து இருக்கே, அந்த வாய்ப்பகுதிய பக்கத்துல எடுத்து ஒரு போட்டோ அனுப்புங்கன்னு கேட்டேன். "ஊருக்கு வந்துட்டேன் சார், சாமான் கடையில இருக்கு, இன்னொருத்தர் அட்வான்ஸ் தர்றேன்னு நிக்கறார்"னான். அடியைக் காட்டி ஒரு போட்டோ மட்டும் அனுப்பினான், அதுல குறைன்னு எதுவும் அப்ப என் கண்ணுல படல. அன்னிக்கு ராத்திரியே முழுப் பணமும் ஜிபேல போட்டுட்டேன். வாய் போட்டோ வராம பணம் போட்டதுதான் நான் பண்ண தப்பு.

அஞ்சு நாள்ல வந்துருச்சு, பேக்கிங்ல எல்லாம் குறை சொல்ல முடியாது. பெட்டியைத் திறந்ததும் ஸ்ப்ரே பெயின்ட் வாசம். பிளேடைத் தீட்டி தேக்குல வச்சா தடதடன்னு ஆடுது, ஒரு இடத்துல பிடிக்குது ஒரு இடத்துல பிடிக்கவே மாட்டேங்குது. சரி ஃபிராக் சரியா உக்காரலை போலன்னு கழட்டினேன். ஃபிராக் உக்கார்ற இடம் மெஷின் பண்ண இரும்பு, வெறும் இரும்போட இரும்பு ஒட்டி உக்காரணும், கம்பெனில அதுக்கு மேல பெயின்ட் படவே விடமாட்டாங்க. இதுல அங்கயும் கெட்டியா பெயின்ட். இழைப்புளிய தொட்டுப் பழகினவன் எவனும் அங்க அடிக்க மாட்டான், எதையோ மூடணும்னு நினைச்சவன்தான் அடிப்பான்.

இன்னொண்ணு, ஃபிராக் ஸ்க்ரூ ரெண்டும் புது எம்6, அதாவது மில்லிமீட்டர் கணக்கு ஸ்க்ரூ. ஸ்டான்லில வர்றது 12-20ன்னு அவங்களுக்குன்னே இருக்கற ஒரு திரெட், நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில கிடைக்காது. கிடைக்கலைன்னதும் பழைய ஓட்டையிலயே எம்6 டேப்பை விட்டு புதுசா மரை போட்டிருக்கான். அதை இனி யாராலும் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது.

அப்பாவோட ஒண்ணா பேட்டர்ன் ஷாப்ல வேலை பார்த்தவர் ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்கார், பெரியப்பான்னுதான் கூப்பிடுவேன், எழுவத்தஞ்சு வயசு. அவர்கிட்ட கொண்டு போனேன். கண்ணாடி கூட போடல, வெறும் பாடியை மட்டும் ரெண்டு விரல்ல தொங்க விட்டு ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால ஒரு தட்டு. அப்புறம் எங்கப்பாவோட ரெக்கார்டை எடுத்து அதே மாதிரி ஒரு தட்டு. அது கோயில் மணி மாதிரி இழுத்துட்டு நிக்குது, இது டொக்குனு அப்படியே செத்துப் போகுது.

"கண்ணு, இது எங்கயோ விட்டிருக்குது. கீழ போட்டிருக்காங்க"ன்னார்.

நான் நம்பல. "பெரியப்பா, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே"ன்னேன். "பெயின்டை எடு, தெரியும்"னார். என்சி தின்னர்ல துணியை நனைச்சு தேய்ச்சதுமே கருப்பு அப்படியே வந்துருச்சு, உள்பக்கம், இடது பக்கச்சுவர் வாயோட சேர்ற மூலையில, மஞ்சளா ஒரு கோடு. பித்தளை ராடு வச்சு கேஸ்ல ஒட்டியிருக்கான். வெளிப்பக்கம் அதுக்கு மேல ஏதோ எபாக்ஸி பட்டி போட்டு தேய்ச்சு சமன் பண்ணியிருக்கான். காஸ்ட் அயர்ன் கண்ணாடி மாதிரிதான், வளையாது, பெஞ்ச்ல இருந்து சிமென்ட் தரையில விழுந்தா பெரும்பாலும் வாயோட மூலையிலதான் விடும், ஏன்னா பாடில பலம் ரொம்பக் கம்மியான இடம் அதுதான்.

அதோட விடல அவர். மறுபக்கத்தையும் பார்த்துடலாம்னு ஒரு பாட்டில்ல வச்சிருந்த மண்ணெண்ணெயை வாய் சுத்தி தடவி, கால் மணி நேரம் கழிச்சு சுத்தமா துடைச்சு, சாக்பீஸைப் பொடி பண்ணித் தூவி விட்டார். விரிசலுக்குள்ள போன எண்ணெய் மெதுவா வெளிய கசிஞ்சு வெள்ளைப் பொடியில ஈரக் கோடா வரும், அந்தக் காலத்துல ஃபவுண்டரிலயும் ரயில்வே ஒர்க்‌ஷாப்லயும் விரிசல் பார்த்ததே இப்படித்தானாம். ரெண்டு நிமிஷத்துல வலது மூலையிலயும் முடி மாதிரி ஒரு கோடு வந்துச்சு. அதை ஒட்டக்கூட இல்ல, இன்னும் வேலைக்கு எடுத்தா வளர்ந்துட்டே போகும்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சுப் பார்த்தா அடி நடுவுல மேடு, முன்னாடியும் பின்னாடியும் பத்து தௌ, அதாவது ஒரு இன்ச்ல ஆயிரத்துல பத்து பங்கு கனமான ஃபீலர் கேஜ் தகடு நுழையுது. ஒட்டும்போது சூட்டுல பாடி வளைஞ்சிருக்கும், அதை பெல்ட் சாண்டர்ல போட்டு தேய்ச்சிருக்கான், அதனாலதான் கண்ணாடி மாதிரி மின்னுது. பிளேடோட முனையில நீலம் பாஞ்சிருக்கு, கிரைண்டர்ல தண்ணி தொடாம அழுத்திப் பிடிச்சா வர்ற நீலம், அந்த இடத்துல டெம்பர், அதாவது எஃகோட கடினம், போயிருச்சு, எத்தனை தீட்டினாலும் பத்து இழுப்புக்கு மேல கூர் நிக்காது. பிளேடை மேல இருந்து அழுத்திப் பிடிக்கற லீவர் கேப்ல கிட்னி மாதிரி ஓட்டை, அது 1933க்கு அப்புறம் வந்தது, டைப் 11ல வர வாய்ப்பே இல்ல. இது அவன் போட்ட போட்டோலயே தெரிஞ்சிருக்கு, தேதியைப் பார்த்த சந்தோஷத்துல நான்தான் கவனிக்கல. ரோஸ்வுட்னு சொன்ன கைப்பிடி ஏதோ வெள்ளை மரத்துக்கு சாயம் ஏத்தினது.

அவனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "நூறு வருஷத்து சாமான் சார், சின்னச் சின்னது இருக்கத்தான் செய்யும்"னான். பித்தளை ஒட்டு சின்னதான்னு கேட்டா "இது டிஸ்ப்ளேக்கு சார், யாரு இதுல வேலை செய்வாங்க"ங்கறான். வாங்கின அன்னிக்கே வேலை செய்யலாம்னு அவன் எழுதினதை அவனுக்கே திருப்பி அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டான். அப்புறம்தான் அவன் அனுப்பின அடி போட்டோவை எடுத்து வச்சு ஒப்பிட்டுப் பார்த்தேன், போட்டோல முன்பக்கம் ஒரு குறுக்குக் கீறல் இருக்கு, என்கிட்ட வந்ததுல அந்தக் கீறலே இல்ல. வேற இழைப்புளியோட அடி அது. சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணியிருக்கேன், போட்டோ, சாட், ஜிபே ரசீது எல்லாம் கொடுத்தாச்சு.

ஒட்டின இழைப்புளின்னாலே மோசம்னு நான் சொல்ல வரல, அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஒழுங்கா ஒட்டி, அடியைச் சரியா சமன் பண்ணி, "இது ஒட்டினதுங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லி ஆயிரம் ஆயிரத்தைநூறுக்குக் கொடுத்தா முரட்டு வேலைக்கு நானே வாங்குவேன். துருவோட இருக்கறதை வாங்கறது இன்னும் நல்லது, துரு எதையும் மறைக்காது. எலுமிச்சை உப்பைத் தண்ணில கரைச்சு சில மணி நேரம் ஊற வச்சு, அப்பப்ப எடுத்து பிரஷ்ல தேய்ச்சா மேல் துரு போயிரும், உடனே கழுவி சூடா காய வச்சு எண்ணெய் தடவிடணும், ராத்திரி முழுக்க போட்டுட்டுத் தூங்கிடாதீங்க, இரும்பையே அரிச்சுரும். ஒரிஜினல் கருப்பு பாதி உரிஞ்சிருந்தாலும் அப்படியே விடுங்க, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுதுல்ல.

இதை இன்னிக்கே உக்காந்து எழுதறதுக்குக் காரணம் இருக்கு. நேத்து நைட் வேற பேர்ல ஒரு நம்பர் 7 விலைக்கு வந்திருக்கு, 22 இன்ச், 14,000 ரூபாய், அதே மேஜை, அதே பச்சைத் துணி, அதே கருப்பு. ஆறு போட்டோல ஒண்ணுல கூட வாய் இல்ல. அடி போட்டோ மட்டும் இருக்கு, அதுல முன்பக்கம் அதே குறுக்குக் கீறல். அதை யாராவது பேசி வச்சிருந்தீங்கன்னா ஃபிராக்கைக் கழட்டி வச்சு வாயோட ரெண்டு மூலையும் தெரியற மாதிரி, அன்னிக்குத் தேதி எழுதின ஒரு பேப்பரைப் பக்கத்துல வச்சு போட்டோ கேளுங்க, அது வர்ற வரைக்கும் ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. கோயம்புத்தூர்ல இருக்கறவங்க என் வீட்டுக்கு வந்தா அந்த நம்பர் 5 பாடியைக் கையில கொடுக்கறேன், பெயின்ட் எடுத்த நிலையிலயே வச்சிருக்கேன், தட்டிப் பாருங்க.